ஃபார்மட் அடிப்பதற்கு முன்

"அக்கா, ரேம் போட்டேன். அதுக்கப்புறம் ஓன் ஆகவே மாட்டேங்குது."

கிள்ளானில் உள்ள என் கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பல இப்படித்தான் தொடங்கும். ரேமுக்குப் பதில் எஸ்எஸ்டி என்பார்கள், கிராஃபிக்ஸ் கார்டு என்பார்கள், புது பிராசஸர் என்பார்கள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை இன்னும் வேகமாக ஓட வைக்கக் காசு செலவழித்தவர், கையில் இருந்ததும் போய்விட்டதோ என்று கலங்கிப்போய்ப் பேசுவார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புது மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் இருப்பதைத் தேற்றி விண்டோஸ் 11-க்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அதனால் இந்த அழைப்புகளும் கூடிவிட்டன.

பழைய மெஷினைத் தேற்றுவது நல்ல காரியம். என் கவலை அடுத்து நடப்பதைப் பற்றியது. மெஷின் எழும்பவில்லை என்றதும் பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர், "ஃபார்மட் அடிச்சிட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறார். சிலர் அதை உடனே செய்தும் விடுகிறார்கள். பத்து வருடப் படங்கள், கடைக் கணக்கு, பிள்ளையின் பல்கலைக்கழக ஆய்வேடு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

பாகம் மாற்றிய பிறகு எழும்பாமல் போன மெஷின்களில், நான் திறந்து பார்த்தவரை, பெரும்பாலானவற்றில் கோப்புகளுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. மெஷின் அந்தக் கோப்புகள் இருக்கும் இடம்வரை போய்ச் சேரவே இல்லை. வழியில் எங்கேயோ நின்றிருந்தது. ரேம் சரியாக உட்காராத மெஷினில் டிஸ்க்கை அழித்து என்ன ஆகப்போகிறது? எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைப் பாதிக்குமேல் வீட்டிலேயே, ஒரு ஸ்குரூ டிரைவரையும் கொஞ்சம் பொறுமையையும் வைத்துக்கொண்டு செய்யலாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சுங்கைவே வழியாக. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் நிறையப் பேர் விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறி பெட்டாலிங் ஜெயாவின் அந்தத் தொழிற்பேட்டைக்குப் போனோம். எனக்குக் கிடைத்தது ஹார்டு டிஸ்க் சோதிக்கும் மேசை. அங்கே கற்ற விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. பிறகு காலம் மாறியது. 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாகவும், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்கப்போவதாகவும் அறிவித்தது. இன்று வீட்டுக்கு வீடு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுகிறோமே, அந்த மாற்றத்தை எங்கள் பெண்கள் தங்கள் சம்பளத்தில் முதலில் பார்த்தார்கள். இதை யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

பட்டனை அழுத்தியதும் முதலில் மின்சாரம் மதர்போர்டுக்குப் போக வேண்டும். அடுத்து, போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருள் விழித்துக்கொண்டு பிராசஸர், ரேம், திரை ஆகியவற்றைச் சோதிக்கும். ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்ட் 12-இல் வெளியிட்டபோதே இந்தச் சோதனை அதில் இருந்தது. சோதனை முடிந்தால் பயாஸ் டிஸ்க்கைத் தேடும். டிஸ்க் கிடைத்து, அதில் தொடக்கக் கோப்புகளும் கிடைத்தால்தான் விண்டோஸ் வரும். ஆகவே "ஓன் ஆகல" என்பவரிடம் நான் உடனே கேட்பது: விசிறி சுற்றுகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? கம்பெனிச் சின்னம் வந்து நிற்கிறதா? நீலத் திரை வருகிறதா? இந்தப் பதில்களிலேயே நின்ற இடம் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. புதிதாகப் போட்டதைக் கழற்றுங்கள், பழையதைத் திரும்பப் போடுங்கள். மெஷின் எழும்பினால் மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள்; தேட வேண்டிய இடம் அந்தப் புதுப் பாகமும் அதைச் சுற்றியுள்ள சில அங்குலமும்தான். எழும்பாவிட்டால், கை வைத்தபோது வேறு ஏதோ கம்பி தளர்ந்திருக்கிறது. புதுப் பாகத்தைப் பொருத்தும் அவசரத்தில் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பழைய பாகம்தான் நம்மிடம் இருக்கும் சிறந்த சோதனைக் கருவி.

விசிறியே சுற்றாவிட்டால் பவர் சப்ளைக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்ச், போர்டில் குத்தும் 24 முனைப் பெரிய கம்பி, பிராசஸருக்கென்று மேல் மூலையில் தனியாகப் போகும் 8 முனைக் கம்பி, முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். ரேம் பொருத்தும்போது கை பட்டு இந்தக் கடைசிக் கம்பி கழன்றுவிடுவது மிகச் சாதாரணம். விசிறி ஒரு நொடி சுற்றி நின்றால் எங்கோ மின்கசிவு, அல்லது பவர் சப்ளைக்குத் தெம்பு போதவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மதிய வெயிலுக்குப் பிறகு வரும் இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடியில் அடிபட்டுப் பாதி உயிரோடு இருக்கும் பவர் சப்ளை பழைய சுமையைத் தாங்கும். புதுக் கிராஃபிக்ஸ் கார்டு வந்து உட்கார்ந்ததும் கைவிட்டுவிடும். பழைய பவர் சப்ளை வாங்குவோர் அதன் முதுகில் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-இல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். 115-இல் வைத்துச் சொருகினால் வெடிக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இதுதான் அதிகம் வரும் புகார். கிராஃபிக்ஸ் கார்டு போட்டவர்கள் முதலில் திரைக் கம்பியைப் பாருங்கள். அது இன்னும் மதர்போர்டின் துளையிலேயே இருக்கும். புதுக் கார்டின் துளைக்கு மாற்ற வேண்டும். கார்டின் தலையில் 6 அல்லது 8 முனை மின்துளை இருந்தால் அதற்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி போக வேண்டும். பிராசஸர் மாற்றியவர்கள் அதன் பெயரைக் கவனியுங்கள்: இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் திரைக்கான பகுதி கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் படம் வராது.

ரேமைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். அதற்கு நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும்.

1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள் அந்த வட்டாரத்தில் பல. அவற்றில் ஒன்றில் வேலை செய்யும் ஓர் அண்ணன் எனக்கு நீண்ட நாள் வாடிக்கையாளர். முன்பதிவு, கணக்கு, செய்தி வாசிப்பு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அவருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துச் சொல்லும். மெஷின் மந்தமாகிவிட்டது என்று ஒரு 8 ஜிபி ரேம் வாங்கி அவரே பொருத்தியிருந்தார். அதன் பிறகு சத்தமே இல்லை.

இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். திரைவாசிப்பான் விண்டோஸ் வந்த பிறகுதான் பேசும். அதற்கு முன்னால் நடக்கும் எதையும் அது சொல்லாது. கறுப்புத் திரையா, பயாஸ் திரையா, நீலத் திரையா என்பது அவருக்கு ஒரே மௌனம்தான். இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் வைக்கிறார்கள்: பிராசஸர், ரேம், திரை, டிஸ்க். எந்த விளக்கு எரிந்தபடி நிற்கிறதோ அங்கே கோளாறு. பார்வை உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. பார்வை இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய மெஷின்கள் எல்லாம் 'பீப்' என்று ஒலி எழுப்பித்தான் குறையைச் சொல்லும். ஒரு குட்டி ஒலிப்பான் இருந்தால் போதும். இப்போது அந்தச் சில வெள்ளிப் பொருளைத் தயாரிப்பாளர்கள் வைப்பதில்லை. அதற்கான நான்கு முனைத் துளை மட்டும் பெரும்பாலான போர்டுகளில் இன்னும் இருக்கிறது. இவ்வளவு மலிவான ஒன்றை எடுத்துவிட்டது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். லோயாட் பிளாசாவின் சிறு கடைகளில் கேட்டுப் பார்த்தால் கிடைக்கும். என் பையில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும்.

அதைச் சொருகிவிட்டு, "அண்ணே, பட்டனை அழுத்துங்க" என்றேன். நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் பார்க்க வேண்டும். ஆனால் நீண்ட ஒலி நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம்தான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அவரையே பார்க்கச் சொன்னேன். இரண்டு பெருவிரல்களையும் ரேமின் இரு முனைகளில் வைத்துத் தடவினார். "இந்தப் பக்கம் பூட்டு விழுந்திருக்கும்மா. அந்தப் பக்கம் விழல. ஒரு நூல் மேல நிக்குது." மேலேயிருந்து கண்ணால் பார்த்தபோது எனக்கு அது சமமாகத்தான் தெரிந்தது. அவர் அழுத்தினார், 'டக்' என்றது. அடுத்த முறை ஒற்றைக் குட்டி பீப், கொஞ்ச நேரத்தில் திரைவாசிப்பானின் குரல்.

அன்றிலிருந்து நானும் ரேமை விரலால்தான் சரிபார்க்கிறேன். பொருத்தும்போது நாம் பயந்து மெதுவாக அழுத்துகிறோம். அது கேட்கும் அழுத்தம் நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. பொன்னிறப் பற்களில் நம் ஊர் ஈரக்காற்றின் அழுக்குப் படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். ரேமின் வகையும் முக்கியம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் போடவே முடியாது. ஆனால் டிடிஆர்3-க்குள்ளேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. சில பழைய லேப்டாப்கள் 1.35-ஐ மட்டுமே ஏற்கும். மற்றது அச்சாகப் பொருந்தும், மெஷின் மட்டும் எழும்பாது. கழற்றிய பழைய ரேமின் ஒட்டுத்தாளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

டிடிஆர்5 போட்டவர்களுக்கு நான் சொல்வது காத்திருங்கள் என்பதுதான். முதல் முறை போடும்போது போர்டு அந்த ரேமோடு பழகிக்கொள்ள நிமிடக் கணக்கில் எடுக்கும். திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

பிராசஸர் மாற்றியவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் வந்த முதல் ரைசனும் உட்காரும், 2020-இல் வந்த 5000 வரிசையும் உட்காரும். ஆனால் உட்காருவது வேறு, அடையாளம் தெரிவது வேறு. பழைய பயாஸ், தனக்குப் பின் பிறந்த பிராசஸரை அறியாது. திரை கறுப்பாகவே நிற்கும். 2018-இல் இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு ஏஎம்டி நிறுவனமே ஒரு பழைய பிராசஸரை இரவலாக அனுப்பி, பயாஸைப் புதுப்பித்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னது. நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம். பழைய பிராசஸர் இருக்கும்போதே, போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாற்றுங்கள். பயாஸ் எழுதப்படும் நிமிடங்களில் கரன்ட் போகக் கூடாது. போனால் போர்டே செத்துவிடலாம். அதனால் நான் அந்த வேலையைக் காலையில்தான் செய்வேன். வானம் இருட்டிய மாலையில் செய்ய மாட்டேன், வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும்.

எதற்கும் மசியாத மெஷினுக்கு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து பயாஸைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது வழக்கம். சிஆர்2032 என்று போட்டிருக்கும். பலன் தரும் வைத்தியம்தான், ஆனால் அது எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். முன்பு டிஸ்க்கை எந்த முறையில் படித்தது என்பதும் போகும். ஆகவே முடிந்தால் முதலில் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிஸ்க். இங்கேதான் 'ஃபார்மட்' என்ற பேச்சு எழும்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கத்தில் ஓர் அச்சகம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, நினைவஞ்சலி அட்டை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே நிற்க இடம் இருக்காது. உரிமையாளர் அண்ணனின் மெஷினில் இரண்டு டிஸ்க்: விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், வடிவமைப்புக் கோப்புகள் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க்கில். ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஒலிக்கத் தொடங்கியதும், புதிதாக ஒன்று வாங்கி வடிவமைப்புக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். மிகச் சரியான வேலை. ஆனால் திரையில், சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடு என்ற ஆங்கில வரி மட்டும் வந்து நின்றது. வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். விண்டோஸ் கெட்டுவிட்டது, எஸ்எஸ்டியை ஃபார்மட் அடிக்க வேண்டும் என்றார்களாம்.

அந்த எஸ்எஸ்டியில் என்ன இருந்தது தெரியுமா? யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், பழைய பேஜ்மேக்கர், முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒரு பழைய பதிப்பு. அந்த மென்பொருள்களின் நிறுவல் தட்டுகள் எப்போதோ தொலைந்துவிட்டன. எழுத்துருக்கள் போனால், நகலெடுத்து வைத்த கோப்புகளைத் திறந்தாலும் தமிழ் வராது. கோணல்மாணலான குறிகள்தான் வரும். இருபது வருடத்து உழைப்பு படிக்க முடியாததாகிவிடும். தமிழ் அச்சகங்களில் ஃபார்மட் என்பது மற்ற இடங்களைவிடக் கொடுமையானது என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய ஹார்டு டிஸ்க்கைத் திரும்பச் சொருகினேன். மெஷின் எழும்பியது. விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் காரணம் கண்முன்னே இருந்தது: எஸ்எஸ்டியின் பகுதியில் 'பூட்' என்றும், பழைய ஹார்டு டிஸ்க்கின் சிறு பகுதியில் 'சிஸ்டம்' என்றும் எழுதியிருந்தது. அதாவது விண்டோஸ் இருப்பது ஒரு டிஸ்க்கில், அதைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் இருப்பது இன்னொன்றில். வீடு இங்கே இருக்க, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த மாதிரி. எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றியவர், அப்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் வைத்திருந்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் தொடக்கக் கோப்புகள் இருப்பதைப் பார்த்த விண்டோஸ், புதியவற்றையும் அங்கேயே போட்டுவிட்டது.

விண்டோஸோடே வரும் பிசிடிபூட் என்ற சிறு கருவியால் தொடக்கக் கோப்புகளை எஸ்எஸ்டியிலேயே எழுதினேன். அது பழைய எம்பிஆர் முறை டிஸ்க் என்பதால் அந்தப் பகுதியை 'ஆக்டிவ்' என்று குறிக்கவும் வேண்டியிருந்தது. பிறகு பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு, பயாஸில் எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு கோப்பும் அழியவில்லை. நீங்கள் விண்டோஸ் ஏற்றும்போது, எதில் ஏற்றுகிறீர்களோ அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் சொருகி வைத்திருங்கள். இந்தத் தலைவலி வரவே வராது.

பயாஸ் புது டிஸ்க்கையே காட்டாவிட்டால் வேறு காரணம். எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரு இனம் உண்டு. எல்லாத் துளையும் இரண்டையும் ஏற்காது. சில போர்டுகளில் எம்.2 துளையில் ஒன்றைப் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தாமாக அணைந்துவிடும். அதில் இருந்த பழைய டிஸ்க் காணாமல் போனதுபோல் தெரியும். போர்டின் கையேட்டில் இது எழுதியிருக்கும். டிஸ்க் சாகவில்லை, வேறு துளைக்கு மாற்றினால் வந்துவிடும்.

விண்டோஸ் 11 ஆசையில் வரும் சிக்கல் தனி ரகம். ஷா ஆலமிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி வந்தார். புதுக் கிராஃபிக்ஸ் கார்டு, புது ரேம், இனி விண்டோஸ் 11-க்கு மாறி வெலோரண்ட் விளையாட வேண்டும். அந்த விளையாட்டு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஏதோ வீடியோவைப் பார்த்து பயாஸுக்குள் போய் சிஎஸ்எம் என்பதை அணைத்திருக்கிறார். அதிலிருந்து மெஷின் விண்டோஸுக்கே போகாமல் திரும்பத் திரும்ப பயாஸிலேயே வந்து நின்றது. "டிஸ்க் செத்துப் போச்சாக்கா?" என்று கேட்டார்.

சாகவில்லை. டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் எம்பிஆர் முறை 1983-இல், டாஸ் காலத்தில் வந்தது. 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் கணக்கு வைக்க முடியாது. அதன் இடத்துக்கு வந்தது ஜிபிடி. அதுபோலவே பழைய பயாஸின் இடத்துக்கு வந்தது யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐ போர்டுகள் பழைய முறையையும் படிக்க உதவும் பாலம்தான் சிஎஸ்எம். தம்பியின் டிஸ்க் எம்பிஆர். பாலத்தை அணைத்ததும் அதைப் படிக்க வழியில்லாமல் போனது. சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கியதும் விண்டோஸ் வந்துவிட்டது. பிறகு முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, 2017 முதல் விண்டோஸ் 10-இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டினோம். முதலில் சோதனை மட்டும் செய்யச் சொன்னோம். அது சரி என்ற பிறகே மாற்றச் சொன்னோம். உள்ளிருக்கும் எதையும் அழிக்காமல் முறையை மட்டும் மாற்றும். அதற்குப் பிறகு சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை இயக்கினால் மெஷின் ஒழுங்காக எழும்புகிறது. வரிசைதான் இதில் எல்லாம்.

கம்பெனிச் சின்னம் வந்து, புள்ளிகள் சுற்றி, பிறகு நீலத் திரையில் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று வந்தால், பயாஸில் டிஸ்க் படிக்கும் முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஹெச்சிஐ, ரெய்டு, புது இன்டெல் மெஷின்களில் விஎம்டி என்று இருக்கும். முன்பு இருந்ததற்குத் திருப்பினால் போதும். பேட்டரி கழற்றிய மெஷின்களில் இது அடிக்கடி வரும். படம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்பட வைப்பது பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு. அதில் மட்டும் நான் உதவ முடியாமல் நிற்க நேரும். புது லேப்டாப்கள் பல, உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கின்றன. திறவுகோலை மெஷினுக்குள் இருக்கும் டிபிஎம் காவல் காக்கும். மதர்போர்டு மாறினாலோ, சில வேளை பயாஸ் புதுப்பித்தாலோகூட, அது சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை லேப்டாப்பைக் கொண்டுவந்தபோது அந்த எண் எதைக் குறிக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில், மீட்புத் திறவுகோல் என்ற பக்கத்தில் இருக்கும். ஆனால் எந்தக் கணக்கில்? அவருடைய சொந்தக் கணக்கில் இல்லை. லேப்டாப் வாங்கிய நாளில் முதன்முதலாக உள்நுழைந்தவர் அவர் மகன். மகனுடைய கணக்கில் இருந்தது. மகன் ஜொகூரிலிருந்து எண்ணைப் படித்துச் சொல்ல, இங்கே தட்டினோம். அந்த எண் கிடைக்காவிட்டால் நான் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. ஏஎம்டி மெஷின்களில் பிராசஸர் மாற்றியதும், டிபிஎம்மை அழிக்கவா என்று கேட்டு ஒய் அல்லது என் அழுத்தச் சொல்லும் ஒரு திரை வரும். 48 இலக்க எண் கையில் இல்லாதவரை என் என்பதையே அழுத்துங்கள்.

ஆகவே கேசிங்கைத் திறப்பதற்கு முந்தைய நாளே வேலை தொடங்கிவிடுகிறது. பிட்லாக்கர் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் பக்கங்களைப் படம் எடுங்கள். கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்றும் ஒரு படம். கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கை மெஷினிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். ரேமும் எஸ்எஸ்டியும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரே நாளில் வாங்கியிருந்தாலும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒன்றைப் போட்டு, ஒருநாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததைப் போடுங்கள். கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தால், கழற்றிய பழைய பாகத்தையும் புதியதன் பெட்டியையும் சேர்த்து எடுத்துவாருங்கள். ஃபார்மட் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டத்தில் நின்றது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய டிஸ்க்கை மட்டும் ஒரு மாதமாவது எடுத்து வையுங்கள், எழுத்துரு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அன்றுதான் தெரியும். அச்சகத்து அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. மூன்றாவது வாரம் ஒரு கோயில் அறிக்கையைத் திறந்தபோது தலைப்பு எழுத்துரு காணவில்லை. பழைய டிஸ்க்கைச் சொருகித் தேடியதில், யாரோ எப்போதோ வேறு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்த அந்த எழுத்துரு கிடைத்தது. அன்று மாலையே அறிக்கை அச்சுக்குப் போனது.